பழைய கார் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் ஆர்சி தேதியைப் பாருங்க!



போன வாரம் வீடியோவில் "சம்பளத்தில் எத்தனை சதவீதம் காருக்குப் போகலாம்"னு பேசினோம். அதுக்கு அப்புறம் அதிகமா வந்த கேள்வி இதுதான்: "சார், புது கார் எட்டாது. 2, 3 லட்சத்துல ஒரு சின்ன செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கலாமா?"

எடுக்கலாம். சரியா எடுத்தா, சம்பளக்காரருக்கு அது ரொம்ப நல்ல முடிவு. ஆனா அந்த 2 லட்சம் உண்மையிலேயே 2 லட்சம்தானா என்பதை முதலில் கணக்குப் போடணும். இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் பார்க்கப் போறோம்.

ஒரு தம்பியின் கதை

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி. ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். அவசரத் தேவைக்காக 2,10,000 ரூபாய் எஃப்டி போட்டு வைத்திருந்தான். ஒருநாள் ஒரு சின்ன கார் விளம்பரம் கண்ணில் பட்டது. "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, இன்சூரன்ஸ் கரண்ட்." விலையும் சரியா 2,10,000. எஃப்டியை உடைத்து வண்டியை எடுத்துட்டான்.

அவன் பார்க்காம விட்டது ஒன்றுதான். ஆர்சி முடிய இன்னும் 5 மாதம்தான் இருந்தது.

புதுப்பிக்கப் போனபோது ஆய்வில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை ஹெட்லைட், ஹேண்ட் பிரேக், டயர். இரண்டாவது தடவை அடித்தளத்தில் துரு. டிங்கரிங், பெயிண்டிங், டயர், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். கையில் காசு இல்லை. கிரெடிட் கார்டில் தேய்த்தான். மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு வந்தான். மாதம் 3.5% வட்டி. அதாவது வட்டி மட்டும் மாதம் 2,170 ரூபாய்.

அடுத்த மாதமே அவன் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாப் போச்சு. ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணினான். "அண்ணா, எஃப்டியும் இல்ல, கார்டுலயும் லிமிட் இல்ல. வண்டியும் ஷெட்டுல நிக்குது." கடைசியில் அம்மாவின் வளையலை பேங்கில் அடகு வைத்து, ஆஸ்பத்திரி பில்லையும் கார்டு பாக்கியையும் அடைத்தார்கள். அப்பா நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். ஆனா அந்த வளையலை மீட்க அவனுக்கு 14 மாதம் ஆச்சு.

அவனை ஏமாத்தினது யாருன்னு தேட வேண்டாம். அந்தத் தேதி ஆர்சியிலேயே அச்சாகி இருந்தது. அவன் படிக்கல, அவ்வளவுதான்.

15 வருடக் கணக்கு: அடிப்படையைப் புரிஞ்சுக்கோங்க

சொந்த உபயோகத்துக்கான காரின் பதிவு, பதிவான நாளிலிருந்து 15 வருடம் செல்லும். அதுக்கு அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். புதுப்பிக்கும்போது வண்டியை ஆர்டிஓ ஆபீஸுக்குக் கொண்டுபோய் ஆய்வில் காட்டணும். நம்ம ஊர் பேச்சில் "எஃப்சி காட்டுறது". மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நாம பிரேக் இன்ஸ்பெக்டர்னு சொல்றவர், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா இருக்கான்னு பார்த்துச் சொன்னால்தான் அடுத்த 5 வருடம் கிடைக்கும்.

கட்டணம்? 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதோடு தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. கட்டணங்கள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால் போகும் முன் பரிவாஹன் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கோங்க. விண்ணப்பத்தைக் காலாவதி தேதிக்கு 60 நாள் முன்பிருந்து கொடுக்கலாம்.

"கொஞ்ச நாள் ரினியூ பண்ணாம ஓட்டலாமே?" வேண்டாம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பதிவு செல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் உங்க வண்டிக்கான இன்சூரன்ஸ் கிளைமே போயிடலாம். தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓட்டிய வண்டிக்கு கிளைம் கிடையாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

ஆய்வில் பழைய கார்கள் எங்கே மாட்டுது?

பெரிய இன்ஜின் கோளாறால் திரும்பி வரும் வண்டிகள் குறைவு. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற, வாங்கும் முன்பே அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள்தான்.

1. விளக்குகள். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகி மங்கிப் போயிருக்கும். இல்லைன்னா யாரோ கண் கூசும் எல்இடி பல்பு மாட்டியிருப்பாங்க. இண்டிகேட்டர், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், ஹாரன் எல்லாமே வேலை செய்யணும். இது மலிவான ரிப்பேர்தான், ஆனா அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

2. பிரேக். ஹேண்ட் பிரேக்கை ஒரு மேட்டில் போட்டுப் பாருங்க. வண்டி நழுவினால் கேபிளோ பின் பிரேக் ஷூவோ தேய்ந்திருக்கு. ஓட்டிப் பார்க்கும்போது காலி ரோட்டில் பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது.

3. டயர். கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும். ஸ்கேல் தேவையில்லை. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிஞ்சுது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பள்ளம் நல்லா இருந்தாலும் வயசான டயர் வெடிப்பு விட்டிருக்கும்.

4. ஸ்டியரிங், சஸ்பென்ஷன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பணும். நடுவில் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், ரேக் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. ஸ்பீட் பிரேக்கரில் மெதுவா ஏறி இறங்குங்க. "டொக் டொக்"னு சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கலாம்.

5. துரு. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஓடிய வண்டிக்கு இதுதான் பெரிய எதிரி. மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும், கீழே தகரம் ஓட்டையா இருக்கும். லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் பணம் கொடுக்காதீங்க. ஸ்டெப்னியைத் தூக்கிட்டு அதன் அடியிலும் பாருங்க.

6. சேசிஸ் நம்பர். இதைப் பலர் யோசிக்கவே மாட்டாங்க. ஆர்சியில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கணும், தெளிவாகப் படிக்கவும் முடியணும். அந்த இடத்தில் துரு ஏறி எண் அழிந்திருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். அந்த வண்டியை விட்டுடுங்க.

7. புகை. புகைச் சான்றிதழ் விற்பவரிடம் இருந்தாலும், நீங்களே ஒரு முறை புதிதாகப் புகை சோதனை பண்ணுங்க. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் வரணும். ரொம்ப அதிகமா வந்தால் ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், இல்லைன்னா இன்ஜினே ஆயில் குடிக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். ஒரு சின்ன செலவில் இன்ஜினுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கிடைக்குது, விடாதீங்க.

8. ஆர்சியில் இல்லாத மாற்றங்கள். நிறம் மாற்றியது, கேஸ் கிட் மாட்டியது ஆர்சியில் ஏறியிருக்கணும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. முன்னால் மாட்டுகிற புல் பார் கம்பியும் கூடாது.

இதோடு நிலுவையில் உள்ள டிராஃபிக் அபராதம், இன்சூரன்ஸ், வரி எல்லாம் சுத்தமா இருக்கணும்.

வண்டி நம்பகமானதா? ரெண்டு நிமிடத்தில் ஒரு வடிகட்டல்

ஆய்வில் பாஸ் ஆகிற வண்டி எல்லாம் நம்பகமான வண்டின்னு நினைக்காதீங்க. ஆய்வு என்பது அன்னைக்கு அந்த வண்டி பாதுகாப்பா இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் வரும், ஏசி கம்ப்ரஸர் எப்ப நிக்கும்னு அது சொல்லாது.

முதலில் இன்ஜினில் டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டான்னு கேளுங்க. உதாரணமா, 2010-ல் வந்த இரண்டாம் தலைமுறை வேகன்ஆரின் 998 சிசி பெட்ரோல் இன்ஜினில் செயின். ஹூண்டாய் ஐ10-ல் 1.1 லிட்டர் இன்ஜினுக்கு பெல்ட், 1.2 லிட்டருக்கு செயின். பெல்ட் வண்டி மோசம்னு அர்த்தம் இல்லை. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாத்தணும், அவ்வளவுதான். மாத்தின பில் இல்லைன்னா, மாத்தலைன்னே எடுத்துக்கிட்டு அந்தச் செலவை விலையில் கழிங்க. ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து, சின்னச் செலவு பெரிய செலவாயிடும்.

அடுத்து, ரீகால். 2020 ஜூலையில் ஃபியூயல் பம்ப் கோளாறுக்காக மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்து கொடுத்தது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, ரீகால் பாக்கி இருக்கான்னு சர்வீஸ் சென்டரில் கேளுங்க. அப்படியே சர்வீஸ் ஹிஸ்டரியும் கேளுங்க. நாலு வருஷம் முன்னாடி சர்வீஸில் 92,000 கிலோமீட்டர்னு பதிவாகி, இன்னைக்கு மீட்டரில் 68,000 இருந்தால் மேலே பேச ஒண்ணும் இல்லை.

மூணாவது, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கா? சீட்டுக்கு அடியில் தண்டவாளம் துரு பிடிச்சிருக்கா? தரை விரிப்பைத் தூக்கினால் ஊறின வாசம் வருதா? ஏதாவது ஒன்றுக்கு "ஆமா"ன்னாலும் நகர்ந்துடுங்க.

கடைசியா ஒரு ஆடிட்டர் டிப்ஸ்: விற்பவரின் பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி என்சிபி எவ்வளவுன்னு பாருங்க. 50% இருந்தால் குறைந்தது 5 வருடம் கிளைமே எடுக்கலைன்னு அர்த்தம். 0% என்றால் சமீபத்தில் கிளைம் ஆகியிருக்கலாம், இல்லை பாலிசி விட்டுப் போயிருக்கலாம். "என்ன அடி?"ன்னு தைரியமா கேளுங்க. "வண்டி ஒரு கீறல் கூட படல சார்"னு சொன்னவர் முகத்தையும் பாருங்க!

இப்போ கணக்குக்கு வருவோம்

ரெண்டு வண்டிகள். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்க ஊர் மெக்கானிக் சொல்லும் எண்ணைப் போட்டுக்கோங்க.

வண்டி அ: 13 வருடம் 10 மாதம் ஆனது. விலை 2,40,000. ஆர்சி பாக்கி 14 மாதம்.

பெயர் மாற்றம்: 4,000
இன்சூரன்ஸ்: 8,000
டயர் நான்கு: 16,000
பேட்டரி: 4,500
சஸ்பென்ஷன், அலைன்மென்ட்: 10,500
கிளட்ச்: 9,000
ஆர்சி புதுப்பிப்பு, அதற்கான தகர வேலை, ஹெட்லைட்: 23,000

கூடுதல் செலவு 75,000. ஆக உண்மையான விலை 3,15,000. கேட்ட விலையை விட 31% அதிகம்.

வண்டி ஆ: 7 வருடம் ஆனது. விலை 3,40,000. ஆர்சி பாக்கி 8 வருடம்.

பெயர் மாற்றம் 4,000, இன்சூரன்ஸ் 10,000, டயர் 16,000. கூடுதல் 30,000. உண்மையான விலை 3,70,000.

விளம்பரத்தில் வித்தியாசம் 1,00,000. உண்மையில் 55,000 மட்டுமே.

5 வருடம் ஓட்டிட்டு விற்கிறோம்னு வைங்க. அ-வுக்கு அப்போ கிட்டத்தட்ட 19 வயசு. ஆர்சியில் மறுபடியும் அதே 14 மாதம்தான் பாக்கி. 60,000 கிடைக்கும்னு வைப்போம். ஆ-வுக்கு 12 வயசு, இன்னும் 3 வருடம் ஆர்சி. 1,70,000 கிடைக்கும்னு வைப்போம்.

அ: 3,15,000 கழித்தல் 60,000 = 2,55,000. வருடத்துக்கு 51,000.
ஆ: 3,70,000 கழித்தல் 1,70,000 = 2,00,000. வருடத்துக்கு 40,000.

"மலிவு" வண்டிதான் வருடத்துக்கு 11,000 ரூபாய் அதிகம் தின்னுது!

அதுக்காக வயசான வண்டியே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லல. வண்டி அ-வை 1,70,000-க்குப் பேசி முடிச்சீங்கன்னா கணக்கு அப்படியே திரும்பிடும்: வருடத்துக்கு 37,000. ஆர்சி தேதியும் லிஃப்டில் பார்த்த துருவும் உங்க பேர ஆயுதம். "எஃப்சிக்கு 23,000, டயருக்கு 16,000 ஆகும், மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கார்"னு பேப்பரைக் காட்டிப் பேசுங்க. "கொஞ்சம் பார்த்துக் குறைங்க சார்"னு சொன்னால் 5,000 குறையும். பேப்பரைக் காட்டினால் நிஜமா குறையும்.

கடன் வாங்கலாமா?

பழைய காருக்கான கடன் வட்டி புதுக் காரை விட அதிகம். 3 லட்சம், 14% வட்டி, 36 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 10,250. வட்டி மட்டும் சுமார் 69,000. வயசான வண்டிக்குப் பல பேங்க் கடனே தராது. தராதபோது பர்சனல் லோன், கிரெடிட் கார்டுன்னு போகாதீங்க.

என் விதி: கார் வாங்கிய மறுநாள், 6 மாதச் செலவுக்கான அவசர நிதி தொடாமல் இருக்கணும். அதுக்கு மேல் வண்டி விலையில் 30% ரிப்பேருக்குத் தனியா இருக்கணும். இந்த ரெண்டும் இல்லைன்னா, உங்களுக்கு கார் வாங்கும் நேரம் இன்னும் வரலை. பைக்கும் பஸ்ஸும் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

பேப்பர் வேலை

எம்பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்சி தேதி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் பாருங்க. லோன் இருந்தால் பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீங்க.

படிவம் 29, 30 கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்க. "அப்புறம் பண்ணிக்கலாம் தம்பி"ன்னு புரோக்கர் சொன்னா கேட்காதீங்க.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்க பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். விற்பவரின் என்சிபி உங்களுக்கு வராது, அது அவரோடு போயிடும். அதனால் பிரீமியம் அவர் கட்டியதை விடக் கூடும்.

வரி? சொந்த உபயோகக் காரைத் தனிநபரிடம் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற டீலர் என்றால் அவருடைய லாபத்தின் மேல்தான் 18%, முழு விலை மேல் இல்லை. "ஜிஎஸ்டி 18% தனி சார்"னு முழு விலைக்குக் கேட்டால் பில்லைக் கேளுங்க. நாளைக்கு நீங்க விற்கும்போது வருமான வரியில் மூலதன ஆதாயமும் இல்லை, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.

கடைசியா...

அந்தத் தம்பி இன்னும் அதே வண்டியைத்தான் ஓட்டுறான். 62,000 செலவு பண்ணினதுக்கு அப்புறம் வண்டி நல்லாவே ஓடுது. போன மாதம் ஆபீஸில் இன்னொருத்தன் பழைய கார் பார்க்கப் போனபோது கூடப் போயிருக்கான். விற்பவர் ஏசி, மியூசிக் சிஸ்டம்னு காட்டிக்கிட்டிருந்தப்ப, இவன் கேட்ட முதல் கேள்வி: "ஆர்சி எப்ப முடியுது சார்?"

நீங்களும் அதையே முதலில் கேளுங்க. பிறகு ஒரு மெக்கானிக் அண்ணனுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்துக் கூட்டிட்டுப் போங்க. டோக்கன் அட்வான்ஸ் அதுக்கு அப்புறம்தான்.

நீங்க பார்த்து வைத்திருக்கும் வண்டியின் வயசு, விலை, ஆர்சி பாக்கி மாதம் மூன்றையும் கமென்ட்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் நாலஞ்சு வண்டிகளை எடுத்து இதே கணக்கைப் போட்டுக் காட்டுறேன்.